பேசத் தெரியாத குழந்தைக்குப் பார்வை எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பிரிவு: குழந்தை நலம் – கடலூர், புதுச்சேரி

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். என் மகள் 33 வாரத்தில் பிறந்தவள். பிறந்தபோது எடை 1,700 கிராம். பிறந்த மருத்துவமனையிலேயே விழித்திரையைப் பரிசோதித்தார்கள். இரத்தக் குழாய்கள் ஓரம் வரை வளர்ந்துவிட்டன என்று உறுதியான பிறகுதான், இனி இந்தப் பரிசோதனை தேவையில்லை என்று அனுப்பினார்கள். இப்போது அவளுக்கு ஐந்து மாதம். பால் குடிக்கும்போது என் முகத்தைப் பார்க்கிறாள். ஆனால் கிலுகிலுப்பையைச் சத்தமில்லாமல் காட்டினால் பல நேரம் திரும்புவதில்லை. என் மாமியாருக்கும் இதே சந்தேகம்.

இங்கே ஒரு தனியார் கிளினிக்கில் கேட்டபோது, "ஒரு வயது ஆகட்டும், வாய் திறந்து பேசினால்தான் பார்வையை அளக்க முடியும்" என்று சொல்லிவிட்டார்கள். மனம் கேட்கவில்லை. புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனையில் விசாரித்தோம். கோடு போட்ட அட்டைகளைக் காட்டி, குழந்தையின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்தே அளந்துவிடலாம் என்றார்கள். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். என் கணவரோ, அட்டை பழைய முறை, இப்போது கேமரா வைத்துக் கண் அசைவைப் பின்தொடரும் கருவி வந்துவிட்டது, சென்னையில் எங்காவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்கிறார். காத்திருப்பதா, போவதா? கண் எங்கே திரும்புகிறது என்பதை வைத்துப் பார்வையை எப்படி அளக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விழியளவை (புதுச்சேரி):

சகோதரி, போங்கள். தள்ளிப்போடவே வேண்டாம். நான் இங்கே குழந்தைகளுக்கான கண் பிரிவில் நீண்ட காலமாகப் பார்வை அளக்கும் பணியில் இருக்கிறேன். பேசினால்தான் அளக்க முடியும் என்று இன்னமும் ஒருவர் சொல்லி அனுப்புகிறார் என்பதைப் படிக்கவே வருத்தமாக இருக்கிறது.

இந்த முறையின் வேர் 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் இருக்கிறது. ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற உளவியலாளர், கைக்குழந்தைகளுக்கு வெறும் சாம்பல் நிறப் பரப்பையும் கோடோ வடிவமோ உள்ள பரப்பையும் அருகருகே காட்டினால், வடிவம் உள்ள பக்கத்தையே அதிக நேரம் பார்க்கின்றன என்று காட்டினார். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிடா டெல்லர் இதைப் பார்வை அளக்கும் முறையாகவே மாற்றினார். 1980-களில் வந்த அட்டைகளுக்கு அவர் பெயர்தான்: டெல்லர் அட்டைகள். நீளமான சாம்பல் நிற அட்டை. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்பு வெள்ளைக் கோடுகள். நடுவில் ஒரு சிறு துளை. கோடுகளின் சராசரி வெளிச்சமும் சாம்பல் நிறத்தின் வெளிச்சமும் ஒன்றாக இருக்கும்படி அச்சிட்டிருப்பார்கள். கோடுகளைப் பிரித்துப் பார்க்க முடியாத கண்ணுக்கு முழு அட்டையும் ஒரே சாம்பல்தான். பிரித்துப் பார்க்க முடிந்தால் குழந்தை அந்தப் பக்கம் திரும்பும். பரிசோதகர் துளை வழியாகக் குழந்தையின் கண்ணைப் பார்ப்பார். கோடு எந்தப் பக்கம் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. குழந்தை திரும்பியதை மட்டும் வைத்து அவர் "இடம்" அல்லது "வலம்" என்று சொல்ல வேண்டும்.

கோடுகள் அட்டைக்கு அட்டை மெல்லியவையாகும். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி. அந்த ஒரு டிகிரிக்குள் எத்தனை ஜோடி கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பிரித்துப் பார்க்க முடிகிறது என்பதே அளவு. ஒரு மாதக் குழந்தைக்கு ஒரு ஜோடி, மூன்று மாதத்தில் மூன்று, ஆறு மாதத்தில் ஆறு என்பது முதல் அரை ஆண்டுக்கான தோராயக் கணக்கு. நம்முடைய 6/6 பார்வைக்கு இது 30 ஜோடி. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அட்டையை வழக்கமாக 38 செ.மீ. தூரத்தில் பிடிப்போம்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். 33 வாரத்தில் பிறந்தவள் என்றால் ஏழு வாரம் முன்னதாக வந்திருக்கிறாள். பார்வை விஷயத்தில் அவள் வயதைப் பிரசவத் தேதி குறித்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். அப்படிப் பார்த்தால் மூன்று மாதத்தைச் சற்றுத் தாண்டியிருக்கிறாள். ஐந்து மாதக் குழந்தைகளோடு ஒப்பிட்டுக் கலங்காதீர்கள். சத்தமில்லாத கிலுகிலுப்பைக்குத் திரும்பாததும் இந்த வயதில் தனியாக ஒரு முடிவுக்கு வரப் போதாது. ஆனாலும் காட்டுங்கள்.

முள்ளோடைக்காரன்:

அக்கா, உங்கள் கணவர் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். கேமராப் படங்களை அலசும் மென்பொருள்தான் என் வேலை.

திரைக்குக் கீழே ஒரு கேமராவும் சில அகச்சிவப்பு விளக்குகளும் இருக்கும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கருவிழியில் பட்டு ஒரு சிறு புள்ளியாகத் திரும்பும். கண்மணியின் நடுவிடத்தையும் அந்தப் புள்ளியையும் கேமரா சேர்த்துப் பார்க்கிறது. கண் திரும்பும்போது கண்மணி நகரும், புள்ளி ஏறக்குறைய அப்படியே நிற்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியும் திசையும்தான் பார்வை எங்கே பதிகிறது என்பதைச் சொல்கின்றன. நொடிக்கு 60 முறையோ அதற்கு மேலோ இதைக் கணக்கிடும் கருவிகள் சாதாரணமாகவே கிடைக்கின்றன.

திரையில் கோடுகள் உள்ள ஒரு கட்டம் தோன்றும். குழந்தை அங்கே பார்த்தால் அடுத்த முறை கோடுகள் இன்னும் மெல்லியவையாக வரும். தவறவிட்டால் மறுபடி தடிமனாகும். சரியாகப் பார்த்ததற்குப் பரிசாக ஒரு பொம்மைப் படமும் இசையும். 2014-இல் லண்டன் ஆய்வாளர்கள் ஓராண்டுக்குட்பட்ட குழந்தைகளிடம் இதே வழியில் பார்வைக் கூர்மையை அளந்து கட்டுரை வெளியிட்டார்கள். பரிசோதகரின் கைத்திறனும் ஊகமும் இதில் முடிவைத் தீர்மானிப்பதில்லை. யார் செய்தாலும் ஒரே அளவுகோல். எனக்கு இதில்தான் பெரிய நம்பிக்கை. இன்றைக்கு ஒரு குழந்தையின் பார்வையை அளக்க நெல்லிக்குப்பத்திலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் புதுச்சேரிக்கு வர வேண்டியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கருவி இருந்தால் செவிலியரே அளந்துவிடலாம்.

நெல்லிக்குப்பம் பாட்டி:

அந்தச் சிவப்பு ஒளி பச்சைக் குழந்தையின் கண்ணைச் சுடாதா தம்பி? என் பேத்திக்குக் கண்ணில் பீளை கட்டினாலே எனக்குத் தூக்கம் வராது. எங்கள் காலத்தில் கண் துலங்க வேண்டும் என்று மை இடுவோம், தாய்ப்பால் ஒரு சொட்டு விடுவோம். இப்போதும் இடலாமா?

முள்ளோடைக்காரன்:

பயப்பட வேண்டாம் அம்மா. தொலைக்காட்சி ரிமோட்டிலும் இரவில் படம் எடுக்கும் கண்காணிப்புக் கேமராக்களிலும் இருப்பது இதே வகை ஒளிதான். கண்ணுக்கு எவ்வளவு வரை பாதுகாப்பு என்று சர்வதேச வரம்புகள் இருக்கின்றன. மருத்துவத்துக்கும் ஆய்வுக்கும் விற்கும் கருவிகள் அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். மலிவான விளக்குகளை வாங்கி வீட்டிலேயே ஒட்டிச் செய்துபார்ப்பதை மட்டும் நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

ஊர்ச்செவிலி (பண்ருட்டி வட்டம்):

மையையும் தாய்ப்பாலையும் பற்றி நான் சொல்கிறேன் அம்மா. கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள், இடாதீர்கள். சில மைகளில் ஈயம் இருப்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. விரலால் இடும்போது கிருமி தொற்றும். திருஷ்டிக்குத்தான் என்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வையுங்கள், நான் தடுக்க மாட்டேன். பீளை தொடர்ந்து கட்டினால் கண்ணீர்ப் பாதை அடைத்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி முள்ளோடைத் தம்பிக்கு. உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் கருவியை எங்கே வைப்பது என்பதற்கு முன்னால் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. கண் அசைவுப் பரிசோதனை, அட்டையானாலும் கேமராவானாலும், குழந்தை எவ்வளவு பார்க்கிறது என்பதைச் சொல்லும். ஏன் பார்க்கவில்லை என்று சொல்லாது. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோயில், பார்வை குறைந்த பிறகு கண்டுபிடித்தால் கையில் எதுவும் மிஞ்சாது. அந்த நோய் முற்றும் வாரங்களில் குழந்தைக்குக் கோடு பார்க்கும் வயதே வந்திருக்காது. நம் நாட்டு வழிகாட்டுதல் தெளிவானது: 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2,000 கிராமுக்குக் குறைந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். 28 வாரத்துக்கும் முன்பு பிறந்தாலோ 1,200 கிராமுக்கும் குறைந்தாலோ இன்னும் முன்னதாக. லேசர் தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாட்களுக்குள் செய்தாக வேண்டும். நல்ல பால் ஏறி, குழந்தை கொழுகொழு என்று ஆகிவிட்டது, இனி எதற்கு என்று அந்த 30 நாளைத் தவறவிடுகிற குடும்பங்களை வீடு வீடாகப் போய்த் தேடுவது எங்கள் வேலையில் பாதி. கெடிலக்கரைத் தங்கையின் குழந்தைக்கு அதைச் செய்துவிட்டார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

அடுத்தது கண்மணியில் வெண்மை. பிறவிக் கண்புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் வளரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். சிறிய கண் பரிசோதனை விளக்கு ஒன்றால் இரு கண்மணியிலும் சிவந்த ஒளி சமமாகத் திரும்புகிறதா என்று பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும். அடர்ந்த பிறவிக் கண்புரைக்கு முதல் சில வாரங்களிலேயே அறுவை செய்தால்தான் முழுப் பலன். 2013 முதல் தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறவிக் கண்புரையையும் குறைமாத விழித்திரை நோயையும் தேடச் சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு முதலில் அந்த விளக்கும், அதைச் சரியாகப் பிடிக்கும் பயிற்சியும் வேண்டும். திரையும் கேமராவும் பிறகு வரட்டும்.

முள்ளோடைக்காரன்:

செவிலி அக்கா சொன்ன வரிசையை ஏற்கிறேன். ஆனால் "பிறகு" என்பது எப்போதும் வராத பிறகாகிவிடக் கூடாது. விழித்திரை நன்றாக இருக்கிறது, புரை இல்லை, ஆனால் ஒரு கண் மட்டும் மங்கல். இந்தக் குழந்தையை யார் கண்டுபிடிப்பது?

பாகூர் ஆசிரியை:

அந்தக் குழந்தை என் வகுப்பில் வந்து உட்காரும் தம்பி. மூன்றாம் வகுப்பில் கண் பரிசோதனை முகாம் நடக்கும். ஒரு கண்ணை மூடச் சொன்னதும், "டீச்சர், இந்தக் கண்ணில் தெரியாது" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். இரண்டு கண்ணாலும் எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்று எட்டு வருடம் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஓடுகிறார்கள், பந்து பிடிக்கிறார்கள், படிக்கிறார்கள். பெற்றோருக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணின் பார்வை முழுதாகத் திரும்புவதில்லை என்று மருத்துவர் சொல்லும்போது அந்தத் தாய்மார்களின் முகத்தைப் பார்க்க முடியாது. கைக்குழந்தையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தும் அதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை என்பதுதான் என் கோபம்.

விழியளவை:

ஆசிரியை சொல்வதற்குக் காரணம் மூளையில் இருக்கிறது. டேவிட் ஹூபலும் டோர்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடிவைத்து வளர்த்துப் பார்த்தார்கள். பிறகு திறந்தபோது கண்ணில் பழுதில்லை, ஆனால் மூளையின் பார்வைப் பகுதி அந்தக் கண்ணுக்கான இடத்தை மற்றக் கண்ணுக்குக் கொடுத்துவிட்டிருந்தது. வளர்ந்த பூனையில் இப்படி நடப்பதில்லை. 1981-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மங்கலான கண்ணைக் குழந்தையின் மூளை கைவிட்டுவிடுவதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். சீக்கிரம் கண்டுபிடித்தால் கண்ணாடியும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைப்பதும் பலன் தரும்.

ஆகவே எந்தப் பரிசோதனையானாலும் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே செய்யும்படி கேளுங்கள் சகோதரி. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். கூடவே ஒரு எச்சரிக்கை: கோடுகளைப் பார்ப்பது எழுத்துகளைப் பார்ப்பதைவிட எளிது. மாறுகண்ணால் சோம்பேறியான கண், கோட்டுப் பரிசோதனையில் உண்மையைவிட நன்றாகத் தேறிவிடும். அட்டைக்கும் கேமராவுக்கும் பொதுவான குறை இது. அதனால்தான் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, ஒளிக்கீற்றை அசைத்துப் பார்த்துக் கண்ணின் பவரை அளப்பதையும் சேர்த்தே செய்கிறோம். அட்டையில் தேறிவிட்டாள் என்று அதைத் தவிர்த்துவிட்டு வரக் கூடாது.

கேமராவைப் பற்றி என் கருத்து இது. கைக்குழந்தைக்கு "இந்தப் புள்ளியைப் பார்" என்று சொல்ல முடியாது. ஒலியெழுப்பும் பொம்மையைத் திரையின் மூலைகளில் காட்டித்தான் கருவியைச் சீர்செய்ய வேண்டும். குழந்தை அழுதால், தலையைச் சாய்த்தால், கண் இயல்பாகவே நடுங்கினால், மாறுகண் இருந்தால், கணக்கு தடுமாறும். எந்தக் குழந்தைக்குப் பரிசோதனை மிகவும் தேவையோ அந்தக் குழந்தையிடமே கருவி திணறுகிறது. அட்டையைப் பிடித்திருக்கும் நான் குழந்தையோடு சேர்ந்து சாய்ந்துகொள்வேன், பாடுவேன், பசித்தால் பால் கொடுக்கச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன்.

பண்ருட்டிக்காரர்:

அம்மா, உங்கள் பேச்சை மறுக்கவில்லை. ஆனால் என் மகன் விஷயத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தவன். கண்கள் நன்றாக இருந்தன. ஓரிடத்தில் அட்டையைக் காட்டிவிட்டு, பார்வை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இடிந்துபோனோம். பிறகு வெளியூரில் ஓர் ஆய்வுக் குழுவினர் அவனைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துக் கண் அசைவைப் பதிவுசெய்தார்கள். அவன் பார்த்தான்! நாம் இமைக்கும் நேரத்தில் திரும்புவோம், அவனுக்கு அதைவிடப் பல மடங்கு நேரம் ஆனது. அட்டையைப் பிடித்தவர் அதற்குள் எடுத்துவிட்டிருக்கிறார். எவ்வளவு தாமதம் என்பது எண்ணாகக் கையில் வந்ததும், எதையும் மெதுவாகக் காட்டுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பொருள், பின்னால் கறுப்புத் துணி என்று பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். இன்று மஞ்சள் நிறக் கிண்ணத்தை அவனே எட்டி எடுக்கிறான். நேரத்தைக் கேமராதான் அளந்தது.

விழியளவை:

ஐயா, படித்து மகிழ்ந்தேன். நீங்கள் சொல்வது முழு உண்மை. மூளை சார்ந்த பார்வைக் குறைவில் தாமதமே முதல் அடையாளம். திரும்பும் நேரத்தைத் துல்லியமாக அளப்பது வெறும் கண்ணால் இயலாது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அந்தக் கருவி தென்மாவட்டங்களிலும் நம் பக்கத்திலும் வர வேண்டும் என்பதில் முள்ளோடைத் தம்பியோடு நானும் நிற்கிறேன்.

ஆரம்பத்தில் நாங்கள் சுழற்றும் கோடு போட்ட உருளையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவரின் கண் கம்பங்களோடு ஓடி, வெடுக்கென்று திரும்பி, மறுபடி ஓடுமே, அதே அசைவு கைக்குழந்தையிடமும் உருளையைப் பார்த்தால் வரும். வந்தால் பார்வை இருக்கிறது என்ற உறுதி. ஆனால் வரவில்லை என்பதால் மட்டும் பார்வை இல்லை என்று எழுதக் கூடாது.

கெடிலக்கரை:

போய்வந்தோம். எல்லோருக்கும் நன்றி. முதலில் இரண்டு கண்ணும் திறந்தபடி, பிறகு ஒவ்வொரு கண்ணாக. வலக் கண்ணை மூடியபோது சிரித்துக்கொண்டே அட்டையைப் பார்த்தாள். இடக் கண்ணை மூடியதும் அழுது, ஒட்டியதைக் கையால் தள்ளினாள். அழுகை அடங்கிய பிறகு பார்த்ததில், வலக் கண்ணில் தடிமனான கோடுகள் வரைதான் திரும்பினாள். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். பவர் வலக் கண்ணில் +6, இடக் கண்ணில் +2. விழித்திரை நன்றாக இருக்கிறது. கண்ணாடி எழுதித் தந்திருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அட்டை. அப்போதும் வித்தியாசம் இருந்தால் இடக் கண்ணை மூடிவைக்க வேண்டியிருக்கும் என்றார்கள்.

என் கணவர் அட்டைத் துளை வழியாக அவளைப் பார்க்க அனுமதி கேட்டார். காட்டினார்கள். அதன்பின் சென்னைப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

இத்தனை சிறிய முகத்தில் கண்ணாடி எப்படி நிற்கும்?

விழியளவை:

அழுது தள்ளினாள் என்பதே பெரிய தகவல். நல்ல கண்ணை மூடினால்தான் குழந்தை அப்படி எதிர்க்கும். வீட்டில் தாய்மார்களே கவனிக்கக்கூடிய அறிகுறி இது. சிறு குழந்தைகளுக்கு +2 போன்ற தூரப்பார்வை இயல்பு, வளர வளரக் குறையும். இரு கண்ணுக்கும் இடையே இருக்கும் இந்த வித்தியாசம்தான் சிகிச்சை கேட்கிறது.

கண்ணாடிக்கு உலோகச் சட்டம் வேண்டாம். வளைந்துகொடுக்கும் மென்மையான சட்டமும், தலைக்குப் பின்னால் செல்லும் பட்டையும் கேளுங்கள். மூக்கில் பதிந்து தழும்பாகக் கூடாது. பால் குடிக்கும்போதும் விளையாடும்போதும் போட ஆரம்பியுங்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். தெளிவாகத் தெரிய ஆரம்பித்ததும் பெரும்பாலான குழந்தைகள் பிடுங்குவதை நிறுத்திவிடுகின்றன.

சிதம்பரத்துத் தாய்:

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். எனக்கு இரட்டைக் குழந்தைகள், ஏழு மாதம். நிறைமாதம். ஒருவனுக்குக் கண் அவ்வப்போது உள்பக்கம் ஒதுங்குகிறது. அதிர்ஷ்டக் கண் என்கிறார்கள் வீட்டில். இவனுக்கும் அட்டைப் பரிசோதனை செய்வார்களா? கேமராவை வைத்து ஆட்டிசம் கண்டுபிடிப்பதாகவும் படித்தேன், இதுவும் அதுவும் ஒன்றா?

விழியளவை:

செய்வார்கள், உடனே காட்டுங்கள். பிறந்த மூன்று நான்கு மாதம் வரை கண் அங்குமிங்கும் ஒதுங்குவது சகஜம். அதற்குப் பிறகு ஒதுங்கினால் அதிர்ஷ்டம் என்று காத்திருக்கக் கூடாது. ஏழு மாதக் குழந்தைக்கு அட்டையை 55 செ.மீ. தூரத்தில் காட்டுவோம். மற்றவனையும் அழைத்து வாருங்கள். மாறுகண்ணும் பவர் வித்தியாசமும் குடும்பத்தில் தொடரக்கூடியவை.

ஆட்டிசத்துக்கான கருவி வேறு. 2022-இல் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு ஒன்றை அனுமதித்தது. கேமரா ஒன்றுதான், கேள்வி வேறு: குழந்தை முகங்களைப் பார்க்கிறதா, எதைத் தேடிப் பார்க்கிறது என்பது அது. எவ்வளவு மெல்லிய கோடு வரை தெரிகிறது என்பது இது.

சிதம்பரத்திலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் வந்தால் தவளக்குப்பம் வழியில்தான் வரும். அரவிந்த் கண் மருத்துவமனை அங்கே கடலூர் சாலையிலேயே இருக்கிறது. ஜிப்மர் என்றால் கோரிமேடு வரை போக வேண்டும். குழந்தைகள் தூங்கி எழுந்து, பால் குடித்த பிறகு பரிசோதனை நடக்கும்படி நேரம் கேட்டு வாங்குங்கள். சொட்டு மருந்து வேலைசெய்ய நேரமாகும், அன்று முழுவதும் வெளிச்சத்தில் கண் கூசும். இரண்டு தொப்பிகளும் மாற்றுத் துணியும், கூடத் தூக்கிக்கொள்ள ஒருவரும் வேண்டும். பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளை மறக்காமல் எடுத்து வாருங்கள்.